கேஸ்கட் அக்கா எழுதாத பதில்

அந்த நோட்டீஸை அச்சடித்துக் கொடுத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வந்து, உன் கையிலும் மசி ஒட்டியிருக்கிறதே என்று கேட்க வேண்டாம். ஐந்நூறு தாள், வழவழப்பான காகிதம், இரண்டு பக்கமும் வண்ணம். மேலே கொட்டை எழுத்தில் 'உங்கள் கடைக்கும் ஒரு அக்கா'. அதற்குக் கீழே இணையத்தின் புதிய போக்குகள், வீட்டிலிருந்தபடியே ஆன்லைன் வியாபாரம், நீங்கள் தூங்கினாலும் தூங்காத கடை என்று வரிசையாகப் புளுகு. நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன், வேறு எதையும் பார்க்கவில்லை. அதனால் என்மேலேயே எனக்குக் கோபம் உண்டு. அதைவிடப் பெரிய கோபம் ஒன்றும் இருக்கிறது.

நோட்டீஸில் போட்டிருந்த அக்கா என் பக்கத்துக் கடைக்காரர். என்னுடையது ஜெராக்ஸ் கடை. அவருடையது எட்டுக்குப் பத்தில் ஒரு அறை. சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஆணி கறுப்பும் வெள்ளையுமாக ரப்பர் வளையங்கள். குக்கர் மூடிக்குள் மாட்டுவோமே, அந்த கேஸ்கட். கீழே டப்பாக்களில் விசில், கைப்பிடி, மிக்ஸி ஜாருக்கு பிளேடு, வாஷர். ஊரில் எல்லோருக்கும் அவர் கேஸ்கட் அக்கா. எனக்கும் அக்காதான். அவர் என்னை அண்ணா என்பார். எங்கள் இருவரில் யார் மூத்தவர் என்பது பதினோரு வருஷமாகத் தீர்ப்பு வராத வழக்கு.

அதற்கு முன்னால் அவர் ஒரு குக்கர் கம்பெனியின் சர்வீஸ் கவுன்டரில் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் கம்பெனி கவுன்டரை மூடிவிட்டு, இனி எல்லாம் இணையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று கதவில் காகிதம் ஒட்டியது. கையில் மூடியோடு வந்தவர்கள் கதவைப் பார்த்துவிட்டு நின்றார்கள். அக்கா வெளியே வந்து, எந்த மாடல், எத்தனை லிட்டர் என்று நடைபாதையிலேயே கேட்டு அளவு சொல்லி அனுப்பினார். அடுத்த மாதம் என் பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்துவிட்டார்.

இணையம் அக்காவுக்கு எதிரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆன்லைன் வியாபாரம் என்று இன்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் யாரும் செய்யாததை அவர் அன்றைக்கே செய்தார். மூடியைக் கவிழ்த்து, குறுக்கே ஸ்கேல் வைத்து, நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்றார். ஸ்கேல் இல்லாத படத்துக்குப் பதிலே கிடையாது. கேஸ்கட்டை எப்படி அளப்பது என்று ஒரு நிமிஷ வீடியோ போட்டார். அதில் அவர் கைகள் மட்டும்தான் தெரியும். வளையல் ஆடும் சத்தம்தான் பின்னணி இசை. பார்த்தவர்கள் லட்சக்கணக்கில். வாங்கிய ஒவ்வொருவருக்கும் சரியாக ஒரு வருஷம் கழித்து 'ரப்பர் இறுகியிருக்கும், மாத்துங்க' என்று ஒரு செய்தி போகும். அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

அவர் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லாம் அதில்தான் போய் நின்றது என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். படம் பார்த்து, கேட்ட கேஸ்கட் பொருந்தும் என்று தெரிந்தால் எழுதிப் பதில் போடுவார்: 'சேரும்மா. தாராளமா மாட்டுங்க.' எல்லோருக்கும் அதே மூன்று சொல். பொருந்தாது என்றால் எழுத மாட்டார். போனை எடுத்துக் கூப்பிடுவார். ஏன் சேராது, விளிம்பு எவ்வளவு இடிக்கிறது, வேறு எங்கே கிடைக்கும், அந்தக் குக்கரை இன்னும் வைத்திருக்கலாமா கூடாதா, எல்லாவற்றையும் வாயால் சொல்லி முடித்துவிட்டுத்தான் வைப்பார். ஆரம்பத்தில் யாரோ ஒருவருக்கு 'சேராது' என்று எழுதிப்போட, அவர் அதை நாலு குழுவில் சுற்றவிட்டு, திமிர் பிடித்த பொம்பளை என்று பட்டம் கட்டினாராம். அன்றோடு எழுத்தில் இல்லை என்பதே கிடையாது.

நான் ஒருமுறை கேட்டேன்: "எதுக்குக்கா இவ்ளோ மெனக்கெடுறீங்க? சேராதுன்னு ஒரு வார்த்தை தட்டிவிட்டா போச்சு."

"சேரும்ங்கறத எழுதினா போதும்ணா. சேராதுன்னு சொன்னா அவங்களுக்கு ஏன்னு கேக்கணும்னு இருக்கும். அதுக்கு எதிர்ல ஒரு ஆள் வேணும்" என்றார்.

இப்போது தம்பியைப் பற்றி. ஊரே அக்கா என்று கூப்பிட்டாலும், கூடப் பிறந்து அக்கா என்று கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான். முப்பத்து நாலு வயது. போன் உறை விற்றான், கண்ணால் பார்க்காத சரக்கைக் கண்ணால் பார்க்காத ஆளுக்கு அனுப்பும் வியாபாரம். சட்டையில் வாசகம் அச்சடித்தான். முகம் காட்டாத யூடியூப் சேனல் என்று ஒன்று ஆரம்பித்து, கடைசிவரை முகம் காட்டாமலே மூடினான். ஒவ்வொன்றும் ஆறு மாதம். ஒவ்வொன்றுக்கும் விசிட்டிங் கார்டு என் கடையில். எதைக் கேட்டாலும் ஆகும் என்பான். ஆகாது என்று அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. வீட்டில் அதைத் தைரியம் என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள்.

அவன் ஒரு ஆன்லைன் பயிற்சி முடித்துவிட்டு வந்து அக்காவின் கடையில் உட்கார்ந்தான். அப்போது அக்காவுக்கு ஒரு நாளைக்கு இருநூறுக்கு மேல் செய்தி வந்துகொண்டிருந்தது. கழுத்து திரும்பாது. கட்டைவிரலில் பிளாஸ்திரி.

"அக்கா, உன்ன மாதிரியே பதில் சொல்ற ஒரு பாட் வெச்சுத் தரேன். உன் பழைய சாட் எல்லாத்தையும் படிச்சுக் கத்துக்கும். படத்தையும் பாக்கும். நீ பார்சல் மட்டும் கட்டு."

"நான் பேசற மாதிரியே பேசுமா?"

"அச்சு அசல் உன்ன மாதிரியே. பதினோரு வருஷ சாட் இருக்குல்ல, அது போதுமா, இல்ல வேற ஏதாவது இருக்கா?"

"எல்லாம் அதுலதான் இருக்கு" என்றார் அக்கா.

அவர் சொன்னது பொய்யில்லை. அவர் எழுதியது எல்லாம் அதில்தான் இருந்தது. எழுதாதது எங்கே இருக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை, நடுவில் நின்று வேடிக்கை பார்த்த எனக்கும் தோன்றவில்லை. பதினோரு வருஷத்தில் அந்த அக்கா ஆயிரக்கணக்கான பேருக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் எழுதிய அந்த ஒன்றைத் தவிர அதில் எதுவும் எழுத்தில் இல்லை. அந்தப் பாட் படித்த பாடம் முழுக்க 'சேரும்மா'தான்.

முதல் இரண்டு வாரம் கடை களைகட்டியது. வேண்டிய கேஸ்கட்டின் எண்ணும் முகவரியும் மட்டும் பட்டியலாக வரும். அக்கா எடுத்துப் பார்சல் கட்டுவார். படத்தைப் பார்க்க வேண்டிய வேலை இல்லை. கழுத்தைத் திருப்பி என்னோடு பேசினார். தம்பி தன் போனில் விற்பனை ஏறுகிற வரைபடத்தைக் காட்டிக் காட்டி, பாத்தியா பாத்தியா என்றான். இதையே மற்ற கடைகளுக்கும் செய்துதரப் போவதாகச் சொல்லி, முதலில் ஒரு வகுப்பு என்று நோட்டீஸுக்கு வந்தான். அந்த மெஷினுக்கு அவன் வைத்த பெயர் அக்கா. படத்துக்கு அந்த வீடியோவிலிருந்து வளையல் போட்ட இரண்டு கைகள். அக்காவிடம் கேட்டாயா என்று நான் கேட்கவில்லை. பக்கத்து அறைதான், எட்டிப் பார்த்துக் கேட்டிருக்கலாம்.

மூன்றாவது வாரம் பார்சல்கள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, பிறகு ஒரு கூடை. அக்கா தபால்காரரிடம் முகவரி தப்பா என்று கேட்டார். தம்பியிடம் கேட்டார். வியாபாரம் பெருகினா ரிட்டர்னும் பெருகும், அதெல்லாம் ஒரு சதவீதக் கணக்கு என்று பூசி மெழுகினான். அக்கா நம்பினார். தம்பியாயிற்றே.

இருபத்து நான்காம் நாள் காலை பத்து மணி இருக்கும். கல்லூரிப் பெண் ஒருத்தி அக்கா கடை வாசலில் வந்து நின்றாள். கையில் போன். அழுது முடித்த முகம். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் அவள் அம்மா சமையல்காரி. ஒன்பது வருஷமாக அக்காவின் வாடிக்கை. விடுதிக்காரர்கள் பழைய குக்கரைத் தூக்கிப் போட்டுவிட்டு, எங்கிருந்தோ அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்த அம்மா ஒழுங்காக மூடியைக் கவிழ்த்து, ஸ்கேல் வைத்து, படம் எடுத்து, என்னிடம் இருக்கும் பழைய அளவு கேஸ்கட்டே இதற்கும் சேருமா என்று கேட்டிருக்கிறார். புதிதாக எதையும் வாங்கக்கூட இல்லை, அதனால் பார்சலும் இல்லை, அக்காவின் பட்டியலில் பெயரும் இல்லை.

'சேரும்மா. தாராளமா மாட்டுங்க.'

மாட்டியிருக்கிறார். மூடி இறுகியது போலத்தான் இருந்திருக்கிறது. அழுத்தம் ஏறியதும் பக்கவாட்டில் ஆவி பீறிட்டு, வலது கை முழங்கைக்கு மேல் வரைக்கும், கழுத்தில் ஒரு பக்கமும் வெந்துவிட்டது.

"நேத்தே உங்களுக்கு மெசேஜ் போட்டேங்க" என்றாள் அந்தப் பெண். "அம்மா கைய போட்டோ எடுத்து, பாருங்க என்ன ஆச்சுன்னு கேட்டேன். நீங்க என்ன பதில் போட்டீங்கன்னு நீங்களே பாருங்க."

அக்கா வாங்கிப் பார்த்தார். நானும் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டில், தோல் உரிந்த ஒரு கை. அதற்குக் கீழே, அக்காவின் எண்ணிலிருந்து, அக்காவின் பெயரில், அக்காவின் மூன்று சொல்.

வெந்துபோன கையைக் காட்டினால் தாராளமா மாட்டுங்க என்று சொல்லும் ஒரு சனியனை உண்டாக்கிவிட்டு, அதற்கு அக்கா என்று பெயரும் வைத்து, விற்கக் கிளம்பியிருக்கிறான்.

அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். அது நான் எழுதல கண்ணு, என் கடை மெஷின் எழுதினது என்றார். அந்தப் பெண் நம்பின மாதிரி தெரியவில்லை. அவள் போனதும் அக்கா கடையில் உட்கார்ந்து பழைய செய்திகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். சேரும்மா, சேரும்மா, சேரும்மா. மிக்ஸி மூடியைக் காட்டிக் குக்கருக்குச் சேருமா என்று விளையாட்டாகக் கேட்டவனுக்கும் சேரும்மாதான். அவர் எழுந்தபோது முகம் வேறு முகமாக இருந்தது.

"அண்ணா, அவன் கிளாஸ் எங்க நடக்குது?"

இடம் எனக்குத் தெரியும். நான்தானே அச்சடித்தேன். ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு நானும் கூடப் போனேன்.

வங்கிக்கு மேல்மாடியில் ஒரு கூட்ட அறை. ஏ.சி. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அறுபது நாற்காலி, அறுபதிலும் ஆள், எல்லோர் மடியிலும் என் நோட்டீஸ். திரையில் வளையல் போட்ட கைகள். தம்பி காதோரம் மைக் மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளர் முகம் கோணாத பதில்தான் வருங்கால வியாபாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். முன்வரிசையில் ஒருவர் எழுந்து, தனக்கு மருந்துக்கடை இருக்கிறது, ஒரு மாத்திரைக்குப் பதில் இன்னொன்று கேட்பார்கள், அதற்கெல்லாம் இது சரிப்பட்டு வருமா என்று கேட்டார்.

"தாராளமா" என்றான் தம்பி.

அக்கா நடு வழியில் நடந்து முன்னால் போனார். யாரோ, இவங்கதான் அந்தக் கை என்றார்கள். அந்தக் கூட்டம் கைதட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், அறுபது பேரும் கைதட்டினார்கள்.

"அத நிறுத்துடா" என்றார் அக்கா.

"அக்கா, கிளாஸ் நடக்குது. அப்புறம் பேசலாம்."

"ஒரு அம்மா கை வெந்துபோச்சு. நிறுத்து."

அவன் முகம் ஒரு நொடி வெளுத்தது. அந்த ஒரு நொடியில் அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்கு அவனைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஆனால் எதிரே அறுபது பேர் இருந்தார்களே. சட்டென்று சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, பாருங்கள், இதுதான் நேரடி அனுபவம், தொடக்கத்தில் சின்னச் சின்னக் கோளாறு வரும், எதிர்மறைப் பதில்களின் பயிற்சி போதவில்லை, அவ்வளவுதான் என்றான். பிறகு அக்காவிடம் குரலைத் தாழ்த்தி, மைக் இருப்பதை மறந்து, எல்லோருக்கும் கேட்கும்படி:

"நீ ஒரு ஐநூறு தடவ சேராதுன்னு எழுதிக் குடுக்கா, அது கத்துக்கும்."

இரண்டு பேர் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். நான் பார்த்தேன்.

அக்கா கத்தவில்லை. அவனைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நான் எழுதினத மட்டும்தாங்க அது படிச்சுது. நான் யாருக்கெல்லாம் போன் பண்ணி வேணாம்னு தடுத்தேன்னு அதுக்குத் தெரியாது. கேக்கற எல்லாத்துக்கும் ஆமா சொல்லும். மருந்துக்கடைக்காரர் யாரு, நீங்களா? நல்லா யோசிச்சுக்கோங்க" என்றார். மருந்துக்கடைக்காரர் நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அவரோடு இருபது பேர் போயிருப்பார்கள். மீதி நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், இடைவேளையில் டீ உண்டா என்று ஒருவர் கேட்டார். இந்த உலகத்தின் மேல் எனக்கு நம்பிக்கை போனது அந்த டீயில்தான். தம்பி போனை எடுத்து எதையோ இரண்டு இடத்தில் அழுத்தினான், பாட் நின்றது. நிறுத்த எடுத்த நேரம் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் வேலை. இருபத்து நாலு நாளில் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு அது சேரும் என்று சொல்லியிருந்தது. அக்கா ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கி, ஸ்கேல் கோட்டை எண்ணிப் பார்த்து, சேராதவர்களைத் தனியாகப் பிரித்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பட்டியலை நான் அச்சடித்துக் கொடுத்தேன். ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, குக்கரை அடுப்பில் ஏத்தாதீங்க, முதல்ல அத இறக்குங்க என்று ஆரம்பிப்பார். சிலர் திட்டினார்கள். சிலர் இதுவும் மெஷின்தானே என்று கேட்டு வைத்துவிட்டார்கள். அப்படி வைத்தவர்களை மறுபடி கூப்பிட்டார். ஒருவர் நம்புவதற்காக, அவர் போன வருஷம் வாங்கிய வாஷரின் நிறத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் தம்பி வந்து கடை வாசலில் நின்றான். அக்கா பட்டியலில் ஒரு தாளை அவன் கையில் கொடுத்தார். அவன் முதல் ஆளைக் கூப்பிட்டு, வணக்கம் சொல்லி, அந்தக் கேஸ்கட் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும், நீங்க கொஞ்சம் பாத்து அட்ஜஸ்ட் பண்ணி, என்று இழுத்தான். அக்கா போனைப் பிடுங்கி, "சேராதுங்க. மாட்டாதீங்க" என்றார். தாளையும் திரும்ப வாங்கிக்கொண்டார். அவன் திரும்பிப் போனான். அவனைப் பார்க்க எனக்குப் பாவமாகக்கூட இல்லை.

பட்டியல் முடிய எட்டு நாள் ஆயிற்று. வேறு யாருக்கும் காயம் இல்லை. ஒன்பதாம் நாள் மத்தியானம் அந்தச் சமையல்கார அம்மாவைப் பார்க்க அக்கா கிளம்பினார், நானும் போனேன். விடுதியின் பின்பக்கம் சின்ன அறை. கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மருந்து பூசியிருந்தது. எங்களைப் பார்த்ததும் இடது கையால் நாற்காலியை இழுத்துப் போடப் பார்த்தார். அக்கா தடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வந்திருந்தார் போல. ஒரே மூச்சில் சொன்னார். அந்தப் பதிலை நான் எழுதலம்மா, என் தம்பி ஒரு மெஷின் வெச்சான், அதுதான் உங்க படத்தப் பாத்துச் சொல்லியிருக்கு, நான் பாத்திருந்தா அன்னிக்கே உங்களக் கூப்பிட்டு வேணாம்னு சொல்லியிருப்பேன், எனக்கு அந்தக் குக்கர் வந்ததே தெரியாது.

அந்த அம்மா முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"அத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. மெஷின்னு தெரிஞ்சிருந்தா நானே ஒரு தடவ வெச்சு அளந்து பாத்திருப்பேன். நீங்க சொல்றீங்கன்னுதான் அளக்கல."

அக்கா கொண்டுபோன பழங்களைக் கட்டில் ஓரத்தில் வைத்தார், அந்த அம்மாவின் மகளிடம் மருந்து விவரம் கேட்டார், எழுந்தார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். நான் ஆறுதலாக எதையோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவங்க என்னத் திட்டியிருக்கலாம்ணா" என்றார். "திட்டியிருந்தா நான் தம்பியச் சொல்லியிருப்பேன், மெஷினச் சொல்லியிருப்பேன். இப்ப நான் யாரச் சொல்றது?"